துணைக்கு ஒரு ஆள்

மகன் கடற்கரைக்குச் சோறு ஊட்டும்போது முத்துத்தாய் அக்கா கதவைச் சாத்திக்கொள்வாள். கண்ணு பட்டுவிடுமாம். கையும் காலும் முறுக்கிக்கொண்டு பாயிலேயே கிடக்கும் இருபத்தாறு வயதுப் பிள்ளைமேல் எந்தப் பாவி கண்ணு வைக்கப்போகிறாள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவள் என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

அவன் பிறந்ததிலிருந்தே அப்படித்தான். தலை நிற்கவே நாலு வயதாகிவிட்டது. பேச்சு வரவில்லை. ஆனால் காது மட்டும் படு கூர்மை. எட்டயபுரம் ரோட்டில் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டால் போதும், முகமெல்லாம் சிரிப்பாகிவிடும். அத்தான் செத்தபிறகு அக்கா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவதை விட்டுவிட்டு, தீக்குச்சி அடுக்கும் மரச்சட்டத்தை வீட்டுக்கே வாங்கிவந்து அடுக்கினாள். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை என்று எங்கே போனாலும் சோற்று நேரத்துக்குத் திரும்பிவிடுவாள். தன் கையைத் தவிர வேறு கை பட்டால் பிள்ளை சாப்பிடமாட்டான் என்பதில் அவளுக்குக் கவலை பாதி, பெருமை பாதி.

மாசாமாசம் வரும் தூரம் நின்று இரண்டு வருஷம் கழித்து, போன சித்திரையில் அவளுக்கு மறுபடியும் ரத்தம் போக ஆரம்பித்தது. வெளியே சொல்லாமல் துணியை வைத்துச் சமாளித்திருக்கிறாள். கொடியில் காய்ந்த துணிகளைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்து, கோவில்பட்டிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கர்ப்பப்பையில் கட்டி, இப்போதே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போட்டால் பரவிவிடும் என்று டாக்டரம்மா உடைத்தே சொல்லிவிட்டார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்ததால் செலவைப் பற்றி எங்களுக்குப் பயம் இல்லை. அந்த அட்டையைக் குலசாமி படத்துக்குப் பின்னால்தான் அக்கா வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போன அன்று கடற்கரையையும் கூட்டிக்கொண்டு போனோம். வேறு எங்கே விடுவது? என் வீட்டுக்காரர் யோகராஜின் லோடு ஆட்டோவில் பின்னால் பாயை விரித்து, அவனைக் கிடத்தி, அக்கா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் பஸ்ஸைப் பார்த்துப் பார்த்து அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

காப்பீட்டுத் திட்டத்துக்கென்று தனியாக ஒரு மேசை இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் வனிதா. அட்டையை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, “உங்க கூட இருக்கப்போற ஆள் யாரும்மா?” என்று கேட்டாள்.

“இவன்தான்” என்று அக்கா மகனைக் காட்டினாள்.

நான் சிரித்துவிட்டேன். வனிதா சிரிக்கவில்லை, அதற்கே அந்தப் பெண்ணைக் கும்பிடலாம்.

“இவரையே ஒருத்தர் பாத்துக்கிடணுமேம்மா.”

“அதுக்குத்தான் நான் இருக்கேம்லா. எனக்கு அடுத்தாப்புல இவனுக்கும் ஒரு கட்டிலப் போட்டுருங்க. கார்டுல இவன் பேரும் இருக்கு, பாருங்க. குடும்பத்துக்கே அஞ்சு லட்சம்னு சொன்னாவ. என் ஆபரேஷனுக்குப் போக மிச்சம் இருக்கும்லா?”

“அப்படிக் குடுக்க முடியாதும்மா. நோய் இருந்தாத்தான் கட்டில். இவருக்கு இப்ப என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யல. நல்லா இருக்கான்.”

நான் அவள் இடுப்பில் கிள்ளினேன். காய்ச்சல், வலிப்பு என்று எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். தன் பிள்ளைக்கு நோய் என்று ஒருநாளும் சொல்லாத வாய், ஆஸ்பத்திரிக்கு வந்ததும் மாற்றிச் சொல்லிவிடுமா?

வனிதா எழுந்துவந்து அக்கா பக்கத்திலேயே குனிந்து பேசினாள். “அப்ரூவல் சீக்கிரம் வந்துரும்மா. ஆபரேஷன், மருந்து, சாப்பாடு எதுக்கும் நீங்க பைசா குடுக்கவேண்டாம். உங்க கூட ஒரு பொம்பள ஆள் இருக்கணும். வீட்டுல இவரப் பாத்துக்கிட ஒரு ஆள் வேணும். அத மட்டும் ஏற்பாடு பண்ணிட்டு வாங்க.”

அதை மட்டும். கத்தி, கட்டில், மயக்க மருந்து, ரத்தம் எல்லாவற்றையும் அரசாங்கம் தருகிறது. குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் இருபத்தாறு வருஷமாக ஒருத்தி ஒற்றை ஆளாகச் செய்துவந்த வேலை இருக்கிறதே, அதற்கு அந்தக் கம்ப்யூட்டரில் பெயரே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் வழி சொன்னேன். என் மகள் பாண்டிச்செல்வி புதியம்புத்தூரில் ரெடிமேட் கம்பெனியில் தைக்கிறாள். லீவு போட்டுவிட்டு அவள் பெரியம்மாவுக்குத் துணையாக இருப்பாள். நான் கடற்கரையைப் பார்த்துக்கொள்கிறேன். குளிப்பாட்டுவேன், துணி மாற்றுவேன், எல்லாம் செய்வேன். அக்கா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, கடைசியில், “சோறு?” என்றாள்.

மறுநாளே தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அவள் செய்வதுபோலவே கதவைச் சாத்தினேன். சோற்றைக் குழையப் பிசைந்து, நெய் விட்டு, ராசா, தங்கம் என்று கொஞ்சினேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். வலுக்கட்டாயமாகத் திணித்ததை நாக்கால் வெளியே தள்ளினான். பாலும் இறங்கவில்லை. பிறகு அழ ஆரம்பித்தான். அந்த அழுகையைக் கேட்டால் கல்லும் எழுந்து ஓடிவந்துவிடும். அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

“பழகிருவாம்ட்டி மாரி. கொஞ்ச நாள் போகட்டும்.”

தினமும் மதியம் நான் போவதும் தோற்பதுமாக இருந்தது. ஆடி போனது. ஆவணி போனது. வனிதா போன் மேல் போன் போட்டாள். வாங்கிய அப்ரூவல் காலாவதியாகி, இன்னொரு தடவை வாங்கிவைத்தாள். புரட்டாசி மழைக்குக் கரிசல் நனைந்து ஊரே விதைப்புக்குப் போனபோது, அக்காவுக்கு எழுந்து குடம் தூக்க முடியவில்லை. முகம் மஞ்சள் பூத்துக் கிடந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“நீ செத்துப்போனா அவன் யார் கையால திம்பான்? அத யோசிச்சியா?”

“அத நெனச்சுத்தாம்ட்டி பழக்குதேன்” என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். நான் என் வீட்டுக்குப் போய், அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

ஐப்பசியில் ஒருநாள் அவள் மயங்கி விழுந்துவிட்டாள். அதற்குமேல் நான் அவளைக் கேட்கவில்லை. பாண்டிச்செல்வியை வரச்சொன்னேன், என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். வண்டியில் ஏறுமுன் அக்கா மகனின் வேர்த்த நெற்றியைத் துடைத்துவிட்டு, “அம்மா கோவில்பட்டி வரைக்கும் போயிட்டு வாரேன்” என்றாள். அவன் சிரித்தான்.

அன்று மதியமும் ராத்திரியும் அவன் சாப்பிடவில்லை. மறுநாளும் அப்படியே. துணியை நனைத்து உதட்டில் தண்ணீர் மட்டும் விட்டேன். சாயங்காலம் பாண்டிச்செல்வி போனில் அக்கா வந்தாள். மறுநாள் காலையில் ஆபரேஷன்.

“சாப்பிட்டானா?”

“நல்லா சாப்பிட்டான்க்கா.”

“பொய் சொல்லாத. போன அவன் காதுல வை.”

சத்தத்தைக் கூட்டி அவன் காதருகே வைத்தேன்.  அக்கா பஸ் கண்டக்டர் மாதிரி, “ஏறியாச்சா? ரைட், ரைட். நம்மூரு விலக்கு ரோடு வந்துட்டு” என்றாள்.

கடற்கரை வாயைத் திறந்தான்.

 தட்டு எட்டத்தில் இருந்தது. இழுத்து ஒரு வாய் வைத்தேன். மென்று விழுங்கினான். “காளியம்மன் கோயிலு வந்துட்டு.” ஒரு வாய். “எட்டயபுரம் வந்துட்டு, டீ குடிக்கிறவுக குடிக்கலாம்.” ஒரு வாய். பாலம், பெட்ரோல் பங்கு, வேப்பமரம், மில்லு ஸ்டாப்பு. ஒவ்வொரு ஊருக்கும் அவன் வாய் திறந்தது. கடைசி வாய்க்கு, “கோவில்பட்டி வந்துட்டு, எல்லாரும் எறங்குங்க” என்றாள். அவன் கெக்கலி கொட்டிச் சிரித்தான். தட்டு காலி.

“அக்கா, இத ஏன் எங்கிட்ட மொதல்லயே சொல்லல?”

“எத?”

“இந்த பஸ்ஸத்தான்.”

“அது பொழுது போவதுக்குச் சும்மா சொல்லுதது” என்றாள். “ஏட்டி, அதுலயா சாப்பிடுதான்? என் கைக்குன்னுல்லா நெனச்சேன்.”

  சித்திரையிலிருந்து ஐப்பசி வரை மூடிய கதவுக்குள்ளே கிடந்தது இந்தப் பஸ் விளையாட்டு, அவ்வளவுதான். யாரும் மறைத்துவைக்கவில்லை. வெளியே நின்று நான் ஒருதடவை காது கொடுத்துக் கேட்டிருந்தால் போதும். கண்ணு படும் என்றுதான் பயந்தாள், என் காதுக்கு என்ன வந்தது?

கட்டி குடல்வரை பரவியிருந்ததாம். ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் கிடந்தாள், கண் திறக்கவில்லை. டாக்டரம்மாவும் என்னென்னவோ செய்துபார்த்தார். எங்களிடம் யாரும் ஒரு பைசா கேட்கவில்லை. உடம்பைக் கொண்டுவந்த வண்டிக்கும் வாடகை கிடையாது. வனிதா வாசல்வரை வந்து, அட்டையை என் கையில் திணித்தாள். “இதுல அவங்க மகன் பேரு இருக்கு. பத்திரமா வைங்க” என்றாள்.

காரியம் முடிந்த மறுவாரம் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை எடுத்தவர்களிடம் விசாரிக்கிறார்களாம்.

“பேஷன்ட் முத்துத்தாய்க்கு சிகிச்சை திருப்தியா இருந்துச்சாம்மா? யாராவது பணம் கேட்டாங்களா?”

“ஒருத்தரும் கேக்கலம்மா. எல்லாம் ஒழுங்காத்தான் நடந்துச்சு” என்றேன். உண்மை அதுதான். யாரை வையலாம் என்று நானும் தேடித்தேடிப் பார்க்கிறேன், ஆள் அகப்படவில்லை.

இப்போது கடற்கரைக்கு நான்தான் ஊட்டுகிறேன். கதவைச் சாத்துவதில்லை. தெருவே வந்து கேட்கட்டும், எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும், நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் யாராவது ஊட்டவேண்டும் அல்லவா? ரைட் ரைட் என்று சொல்லி ஆரம்பிக்கிறேன். என் கைதானா என்றுகூட அவன் பார்ப்பதில்லை. நன்றாகச் சாப்பிடுகிறான்.

நானாகப் பஸ் ஓட்டி ஊட்டிய முதல் நாள், கோவில்பட்டி வந்துட்டு என்று சொன்னதும் அவன் சிரிக்கவில்லை. பாயிலிருந்து புரண்டு, முழங்கையை ஊன்றி, மார்பால் தரையை இழுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நகர்ந்தான். அவன் அப்படி நகர்ந்து நான் பார்த்ததே இல்லை. அம்மா அங்கேதானே போயிருக்கிறாள், அவன் இறங்கத்தானே செய்வான்? நிலைப்படிவரை போனவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்தேன். அவ்வளவு நேரமும் என் காதுக்குள் அழுதான்.

அதற்குப்பிறகு நான் கோவில்பட்டி என்று சொல்வதில்லை. மில்லு ஸ்டாப்போடு பஸ்ஸை நிறுத்திவிடுகிறேன். கடைசி வாய்ச் சோறு தட்டிலேயே இருக்கும். அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தபடியே இருப்பான்.