கடைசி லாரியின் கதை

வலது தோள்பட்டையில் ஆணி இறக்கியதுபோல வலித்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முந்தின நாள் முழுக்க ஈரப் போர்வைகளை முறுக்கிப் பிழிந்த வலி. அந்தத் தோளை வைத்துக்கொண்டுதான் அக்கா பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் இருந்த பக்கத்துவீட்டுக்காரர், "நீங்க விடுங்கம்மா, யாரையாச்சும் கூப்பிடறேன்" என்றார்.

"நீங்க கூப்பிட்டு, அவங்க வந்து, அதுக்குள்ள இன்னொரு சாவு விழுந்துடும். பிடிங்க."

பெஞ்சை வாசலில் சுவரோரமாகப் போட்டார்கள். உள்ளே முன்னறையில் தம்பி கிடந்தான். தூங்கும்போது அவனுக்கு ஒரு கால் எப்போதும் கட்டிலுக்கு வெளியே தொங்க வேண்டும். இன்று இரண்டு காலும் பள்ளிக்கூடப் பையன் கால்மாதிரி சேர்ந்து நேராக இருந்தன. குடோனில் மூட்டை இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நேற்றுச் சாயங்காலம் வந்த செய்தி அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

தானமாய் வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவள் என்று தம்பி அவளைக் கேலி செய்வான். அவன் அப்படியில்லை. யார் எதைச் சொன்னாலும் நம்புவான்.

குடோன் வேன் வந்து நின்றது. சுமை தூக்கும் ஆட்கள் இறங்கினார்கள். துவைத்த சட்டை போட்டிருந்தும் கழுத்து மடிப்பில் சிமெண்ட் தூள் போகவில்லை. கடைசியாக மேஸ்திரி இறங்கினார்.

அந்த மேஸ்திரி ஆட்களைத் திட்டியதில்லை. கை ஓங்கியதுமில்லை. ஆட்கள் சோர்ந்து உட்கார்ந்தால் அவரும் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து கதை சொல்வார். அவ்வளவுதான். "அந்தாளு வாயைத் திறந்தா கல்லும் கசியும்க்கா" என்பான் தம்பி. "ஆனா ஒண்ணு. கதை முடிஞ்சு எந்திரிச்சுப் பாத்தா தலைமேல ஒரு மூட்டை கூடுதலா இருக்கும்." சொல்லிவிட்டுச் சிரிப்பான். பிறகு அதே கதையை அவளுக்குச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் அழுதுவிடுவான். "சொல்லி முடிச்சுட்டு அழுடா" என்று அவள் அதட்டுவாள்.

மேஸ்திரி உள்ளே போய் உடலைப் பார்த்தார். வெளியே வந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். யாரும் பேசச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"நேத்து கடைசி லாரி வந்து நின்னப்போ எல்லாருக்கும் கை விட்டுப்போச்சு" என்று தணிந்த குரலில் ஆரம்பித்தார். "நான்தான் சொன்னேன், நீ கெளம்புப்பா, வீட்டுல பொண்டாட்டி காத்துக்கிட்டிருக்கும்னு. அதுக்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா?"

நிறுத்தினார். குழந்தைகளின் சத்தம்கூட அடங்கியது.

"அண்ணே, நான் போயிட்டா என் பங்கு மூட்டை யார் முதுகுல ஏறும்? இவங்க முதுகுலதானே. அப்படின்னான்."

ஆட்களில் ஒருவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அக்காவுக்கும் கண் நிறைந்தது. தம்பி அப்படிச் சொல்லக்கூடியவன்தான். ஈரத் துணியைப் பிழிவதுபோல யாரோ அவளைப் பிடித்து முறுக்குவதாக இருந்தது. அழுதுகொண்டே, முறுக்குகிற கை யாருடையது என்றும் பார்த்தாள்.

"இறக்கிட்டே இருந்தான். அப்புறம் சுவத்துல சாஞ்சு உக்காந்தான். தண்ணி கேட்டான். என் கையாலதான் குடுத்தேன். ஒரு மடக்கு குடிச்சான். 'இனிக்குதுண்ணே'ன்னான். கண்ணை மூடிட்டான்."

நிலைப்படியில் உட்கார்ந்திருந்த தம்பி பெண்டாட்டி முதல்முறையாக வாய் திறந்தாள். "தண்ணி குடிச்சாரா?"

"குடிச்சான்மா. நிம்மதியா."

நேற்றிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை அவள் அப்போதுதான் விட்டாள்.

அக்காவின் கண்ணீர் நின்றுவிட்டது. இனிக்குது. அந்த வார்த்தையை அவள் மேஸ்திரியின் கதையொன்றில், தம்பி வாயால் முன்பே கேட்டிருக்கிறாள். தண்ணீரே வராத கிணற்றை ஒற்றை ஆளாக வெட்டிய கிழவனின் கதை. ஊற்றுக் கண் திறந்ததும் ஒரு மடக்குக் குடித்து, இனிக்குது என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுவான். தம்பிக்கு அந்த இடத்தைத் தாண்ட முடியாது. ஒவ்வொரு முறையும் உடைந்துவிடுவான்.

மேஸ்திரி தொடர்ந்தார். "அந்த லாரி பாதி இறக்கினபடி அப்படியே நிக்குது. அவன் தொட்ட சரக்கு. வெளி ஆளை விட்டு இறக்க எனக்கு மனசு வரல. அடக்கம் முடிஞ்சதும் நாமளே போய் இறக்கிடுவோம். அவனுக்காக."

ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார்கள்.

வந்துவிட்டது மூட்டை, என்று நினைத்தாள் அக்கா.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா."

"அவன் இனிக்குதுன்னு சொன்னதை நீங்க கேட்டீங்களா?"

"இந்தக் காதால கேட்டேன்க்கா."

"கிணறு வெட்டின கிழவனும் அதைத்தானே சொன்னான்."

மேஸ்திரியின் கையில் துண்டு சுற்றுவது நின்றது. ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கதை அவர்களுக்கும் தெரியும்.

"அக்கா, துக்கத்துல ஏதோ..."

"துக்கம் இருக்கு, காதும் இருக்கு. நெஞ்சு வலிக்குதுன்னு அவன் சொன்னானா இல்லையா?"

கூட்டத்தில் நெட்டையாக நின்ற ஒருவன், ஒட்டகம் என்று தம்பி சொல்லுவானே அவன், தன் செருப்பைப் பார்த்தபடி பேசினான்.

"மத்தியானமே அடைக்குதுன்னான். வீட்டுக்குப் போறேன்னு சட்டையை மாட்டிட்டான்."

"அப்புறம் ஏன் வரல?"

"மேஸ்திரி கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாரு. பேசிட்டிருந்தாங்க. நாங்க தள்ளி இருந்தோம், காதுல விழல. கொஞ்ச நேரத்துல சட்டையைக் கழட்டிட்டு லாரிக்கு வந்தான். கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சு."

அக்கா மேஸ்திரியிடம் திரும்பினாள். மரியாதை அதுவாகவே விழுந்துவிட்டது.

"என்ன கதை சொன்னே அவனுக்கு?"

"அண்ணி." நிலைப்படியிலிருந்து வந்தது குரல். "விடுங்க அண்ணி. தண்ணி குடிச்சுட்டுத்தான் போனாருன்னு இருக்கட்டுமே. எனக்கு அது போதும்."

அக்கா அவளைப் பார்த்தாள். அழுது வீங்கிய அந்த முகத்தில் கொஞ்சம் அமைதி வந்திருந்தது. அதைப் பிடுங்க அவளுக்குக் கை வரவில்லை.

"இருக்கட்டும்மா. அது உனக்கு" என்றாள். "நான் கேக்கறது எனக்கு."

சவ வண்டி வந்துவிட்டது. ஆட்கள் உடலைத் தூக்கினார்கள். தூக்கிப் பழகிய ஆட்கள், ஒரு குலுக்கல் இல்லை. மேஸ்திரியும் தோள் கொடுத்தார். அவர் முகத்தில் வழிந்த கண்ணீர் பொய்யில்லை என்று அக்காவுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பொய்யாக இருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருக்கலாம்.

அடக்கம் முடிந்து எல்லோரும் சாலைக்கு வந்தபோது குடோன் வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. ஒட்டகம் வேனைப் பார்க்காமல் தாண்டி, வீடு இருக்கிற திசையில் நடந்தான். இன்னும் இரண்டு பேர் அவன் பின்னால் போனார்கள். மற்றவர்கள் ஏறவுமில்லை, போகவுமில்லை. காலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார்கள்.

மேஸ்திரி அக்காவிடம் வந்தார். தொண்டையைச் செருமினார். தூரத்தில் எதையோ பார்த்தார்.

"நேத்து வெயில் சாயற நேரம்க்கா..."

"அப்படி ஆரம்பிக்காதே."

அவர் பார்வையை அவள் பக்கம் திருப்பினார். "அவன் முகத்தைப் பாத்தப்போ, எனக்குச் செத்துப்போன என் தம்பி..." என்றார்.

"அப்படியும் வேண்டாம். சட்டை மாட்டினவன் கழட்டினானே, என்ன சொல்லிக் கழட்ட வச்சே? அதை மட்டும் சொல்லு."

அவர் உதடு அசைந்தது. ஊரையே அழவைத்த வாய். அதிலிருந்து காற்றுதான் வந்தது.

"எனக்கு வேற மாதிரி சொல்ல வராதுக்கா."

"வர்றப்போ சொல்லு."

"சொல்றேன்."

"எப்போ?"

டிரைவர் ஒலி எழுப்பினான். மேஸ்திரி திரும்பி வேனைப் பார்த்தார். உள்ளே இருக்கைகள் காலியாக இருந்தன. வேனுக்கும் அவளுக்கும் நடுவில், துண்டை எந்தத் தோளில் போடுவது என்று தெரியாதவர்போல அவர் நின்றார்.

அக்கா காத்திருந்து பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினாள். சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்ட தம்பியை என்ன சொல்லி நிறுத்தினார் என்ற அந்த ஒரு பதிலை, மேஸ்திரி இன்னும் அவளுக்குத் தரவேண்டியிருக்கிறது.