அக்கா வீட்டுக்கு என்ன ரேட்டு?

பேரம் என்றால் வேலை செய்கிறவர் கூட்டிச் சொல்வதும், வேலை கொடுக்கிறவர் குறைத்துக் கேட்பதும்தான் வழக்கம். இந்த அக்காவுக்கும் தங்கைக்கும் அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை. வேலை செய்ய வந்தவள் ஒன்றும் வேண்டாம் என்றாள். கொடுக்கிறவளோ ஏற்றிக்கொண்டே போனாள். மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் அந்த வழக்கு ஒரு காலைப்பொழுதையே விழுங்கிவிட்டது.

சின்னவளுக்கு வீடு சுத்தம் செய்வதுதான் தொழில். ஒரு ஸ்கூட்டர், இரண்டு வாளி, ஒரு வாக்வம் கிளீனர் வைத்துக்கொண்டு தனியாளாக நடத்துகிறாள். விலை சொல்வதில் அவளை யாரும் அசைக்க முடியாது. புது வீட்டுக்குப் போனால் முதலில் குளியலறையைப் பார்ப்பாள். அப்புறம் அடுப்புக்குப் பின்னால் சுவரைத் தடவிப் பார்ப்பாள். கடைசியாக வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பாள். பின்னாலேயே நடந்து வந்து இங்கே விட்டுப்போச்சு, அங்கே விட்டுப்போச்சு என்று பிடுங்குகிற ரகம் என்று பட்டால் மொத்தத்தில் கால் பங்கு கூட்டிவிடுவாள். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் நச்சரிப்புக் கூலி. அப்படி ஒன்று இருப்பது எந்த வாடிக்கையாளருக்கும் தெரியாது.

ஊரையே மடக்குகிறவள் அக்காவிடம் வந்து மாட்டிக்கொண்டு முழித்தாள்.

பெரியவள் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஸ்டூலில் ஏறி ஃபேன் துடைக்கப் போய், விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் ஆகி இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். குனியக் கூடாது, எதிலும் ஏறக் கூடாது, இன்னொரு தடவை விழுந்தால் அப்புறம் படுக்கைதான் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். கணவர் தவறிப்போனதிலிருந்து தனியாக இருக்கிறவள். தூசியைக் கண்டால் கை சும்மா இருக்காது. அன்றைக்குச் சின்னவள் உள்ளே நுழைந்தபோது அதே ஸ்டூல் அதே ஃபேனுக்குக் கீழே வந்து நின்றுகொண்டிருந்தது.

"என்னக்கா இது?"

"ஏறல. சும்மா தூசி எவ்வளவு இருக்குன்னு பாத்தேன்."

"பாக்கறதுக்கு ஸ்டூல் எதுக்கு? இனிமே நான் வாரா வாரம் வந்து செஞ்சுட்டுப் போறேன். நீ எதையும் தொடாத."

"எவ்வளவு வாங்குவ?"

"உன்கிட்ட போய் காசு வாங்குவேனா?"

"அப்போ வேண்டாம்டி. நானே பாத்துக்கறேன்."

அந்த ‘நானே பாத்துக்கறேன்’தான் சின்னவளைப் பயமுறுத்தியது. அக்கா சொன்னால் செய்துவிடுகிற ஆள். அப்பா போனதும் துணிக்கடையில் கணக்கு எழுதப் போய், தங்கையைப் படிக்க வைத்து, கல்யாணம் பண்ணி வைத்து, அந்த ஸ்கூட்டரையும் வாங்கிக் கொடுத்தவள் அவள். கொடுத்தே பழகின கை. யாராவது எதையாவது நீட்டினால் மட்டும் அந்தக் கைக்கு வாதம் வந்துவிடும்.

"சரி, ஐம்பது குடு," என்றாள் சின்னவள்.

"ஐம்பதுக்கு என்ன, வாசப்படிய மட்டும் துடைச்சுட்டுப் போயிடுவியா?"

"இருநூறு."

"எனக்கே பிச்சை போடறியா? ஆயிரம் தர்றேன்."

"ரெண்டு ரூம் வீட்டுக்கு யாராவது ஆயிரம் குடுப்பாங்களா?"

"ஏன், என் வீடு அவ்வளவு மட்டமா?"

சின்னவளுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டாள். அண்ணன் போனிலேயே நாட்டாமை செய்வதில் மன்னன். "கூடப் பொறந்தவகிட்ட கூலி வாங்கினா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்று ஆரம்பித்தார். பெரியவள் போனைப் பிடுங்கி, "அந்த நாலு பேரையும் துடைப்பத்தோட அனுப்பு. கூட நீயும் வா," என்றாள். லைன் துண்டிக்கப்பட்டது. அண்ணனுக்கு எப்போதும் இந்த மாதிரி நேரத்தில்தான் சிக்னல் போகும்.

"உனக்கு என்னதான்க்கா பிரச்சனை?" சின்னவள் கத்தியே விட்டாள். "தங்கச்சி செஞ்சா செய்யட்டும்னு பேசாம உக்காந்திருக்கக் கூடாதா?"

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறடி. நீ சும்மா செஞ்சா நான் வாய மூடிக்கிட்டு உக்காந்திருக்கணும். ஜன்னல் மூலைல அழுக்கு இருந்தாலும் எப்படிச் சொல்றது? பாவம், ஓசியில செய்யறாளேன்னு பல்லக் கடிச்சுட்டு இருக்கணும். நீ அந்தப் பக்கம் போனதும் நான் ஏறித் துடைப்பேன். என் குணம் எனக்குத் தெரியாதா?"

இத்தனை நேரம் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றது அக்கா மட்டுமில்லை, தானும்தான் என்பது சின்னவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓசி வேலை என்றால் அக்கா ஸ்டூலில் ஏறுவாள். கூலி வேலை என்றால் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவாள். எலும்பு பிழைக்க வேண்டுமானால் காசு வாங்கித்தான் ஆகவேண்டும்.

எழுந்து போய்க் குளியலறையைப் பார்த்தாள். அடுப்புச் சுவரைத் தடவினாள். திரும்பி வந்து அக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"எழுநூத்தம்பது."

"அதென்ன கணக்கு?"

"வீட்டுக்கு அறுநூறு. உன் வாய்க்கு நூத்தம்பது."

கணக்கு எழுதியே தலை நரைத்த பெரியவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "நியாயம்தான்," என்றாள்.

நியாயமாவது ஒன்றாவது! நூற்றைம்பது கொடுத்துவிட்டு ஆயிரத்துக்குப் பேசினாள். வாக்கரைத் தட்டிக்கொண்டு அறை அறையாக வந்தாள். ஃபேன் இறக்கையின் மேல்பக்கம் துடைத்தாயா, கட்டிலை நகர்த்தினாயா, அந்தத் துணியையே இங்கும் போடுகிறாயே என்று நசநசத்தாள். எத்தனையோ பிடுங்கல் பேர்வழிகளைப் பார்த்த சின்னவளுக்கே பொறுமை போய்விட்டது. மலிவாகச் சொல்லித் தொலைத்தோமே என்று வாளித் தண்ணீரைப் பார்த்துத் திட்டினாள். ஆனால் அக்கா ஒரு தடவைகூடக் கையை நீட்டி எதையும் தொடவில்லை.

வேலை முடிந்தது. பெரியவள் கட்டிலில் சாய்ந்து, கால்மேல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, பணத்தை எண்ணிக் கொடுத்தாள். சின்னவள் அதை வாங்கிப் பையில் வைத்தாள்.

"இன்னொண்ணு கேக்கணும்," என்றாள் பெரியவள். அதுவரை வீட்டையே அதிர வைத்த குரல் சுருங்கிப்போயிருந்தது. கண் சுவரைப் பார்த்தது. "கால் நகம் வெட்டணும்டி. விழறதுக்கு முன்னாடி வெட்டினது. குனிய முடியல. நடந்தா குத்துது. அதுக்கு எவ்வளவு வாங்குவ?"

சின்னவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பார்க்க வந்த ஒவ்வொரு தடவையும் இந்தப் போர்வைக்குள் காலை ஒளித்துக்கொண்டு, "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்," என்றாளே பாவி! இதற்குமா விலை என்று கத்த வாயெடுத்தாள். அடக்கிக்கொண்டாள். சும்மா வெட்டிவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கால் போர்வையை விட்டு வெளியே வராது.

"விரலுக்குப் பத்து," என்றாள், குரலைக் கடுமையாக்கிக்கொண்டு. "ஒரு காசு குறைக்க மாட்டேன்."

பெரியவள் போர்வையை விலக்கிக் காலை நீட்டினாள்.