பூட்டிய கார்டு

இப்போதெல்லாம் யாருக்கும் ஒரு வேலையின் பக்கத்தில் நிற்கப் பொறுமையில்லை. தொடங்கிவிட்டு நடையைக் கட்டிவிடுகிறார்கள். முடிந்ததா, பாதியில் படுத்துக்கொண்டதா என்று திரும்பிப் பார்க்க நாதியில்லை. கேட்டால் "அதுவே பாத்துக்கும்" என்பார்கள். அந்த 'அது' யார் என்பதுதான் போட்டோக் கடைப் பெரியவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்று காலை முழுக்க ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக வெயிலில் நிறுத்தி, கண்ணை மூடியவனைத் திட்டி, நாக்கை நீட்டியவளைக் கெஞ்சி, ஐந்நூற்று நாற்பது படம் பிடித்திருந்தார். மறுநாள் முதல் பள்ளிக்கு நீண்ட விடுமுறை. படம் போனால் போனதுதான்.

கடைக்கு வந்ததும் கேமராவிலிருந்து கார்டை உருவி, நகத்தால் அதன் ஓரத்தைச் சுரண்டிவிட்டு மருமகளிடம் கொடுத்தார். அவள் கம்ப்யூட்டரில் செருகினாள்.

"இனிமே நீங்க காவல் இருக்க வேண்டாம் மாமா. ஒரு கமாண்டு எழுதி வச்சிருக்கேன். படமெல்லாம் கம்ப்யூட்டருக்குக் காப்பி ஆகி முடிஞ்சதும் அதுவே கார்டுல உள்ளதைத் துடைச்சிடும்."

"முடிஞ்சுதான்னு யாரு பாக்கறது?"

"காப்பி நின்னதும் அடுத்த வேலை தானா ஆரம்பிச்சிடும்."

"நானும்தான் மாடிப்படியில பாதியில நிக்கறேன். மேல வந்துட்டேன்னு அர்த்தமா?"

"பெல்ட்டுக்கு மேல கயிறும் கட்டற ஆளு நீங்க!"

"என்னைக்காவது அவுந்திருக்கா?"

அவள் சிரித்துக்கொண்டே வாசலில் நின்ற வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனாள். பெரியவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. பாதி வந்ததும் சட்டென்று மறைந்தது. சிவப்பில் இரண்டு வரி. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் சிவப்பு தெரியும்.

"ஏம்மா! இங்க வா!"

வந்தவள் முதல் வரியைப் படித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"கம்ப்யூட்டர்ல இடம் பத்தல மாமா. இருநூத்துப் பதினொண்ணுதான் வந்திருக்கு. காப்பி நின்னுபோச்சு. ஆனா அடுத்த கமாண்டு... ஐயோ, மொத்தமும் துடைச்சிருக்குமே!"

இரண்டாவது வரியைப் படித்தவள் அப்படியே நிமிர்ந்து பார்த்தாள்.

"துடைக்க முடியலையாம். கார்டு பூட்டியிருக்காம். யாரு பூட்டினது?"

பெரியவர் கட்டைவிரல் நகத்தைக் காட்டினார். "ஓரத்துல குட்டியா ஒரு தாழ்ப்பாள் இருக்கில்ல? தள்ளிட்டுத்தான் எப்பவும் குடுப்பேன்."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே!"

"சொல்லியிருந்தா நீ திறந்திருப்ப."

அவள் கம்ப்யூட்டரில் இருந்த பழைய படங்களை வேறு ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி இடம் பண்ணினாள். பிறகு கமாண்டைத் திருத்தினாள்.

"தப்பு என்னோடதுதான் மாமா. 'முடிஞ்சதும் துடை'ன்னு எழுதிட்டேன். 'ஒழுங்கா முடிஞ்சா மட்டும் துடை'ன்னு எழுதியிருக்கணும். இப்ப சரி பண்ணிட்டேன். பூட்டைத் திறந்து விடுங்க."

"ஒழுங்கா முடிஞ்சுதுன்னு யாரு சொல்றது?"

"காப்பி பண்ற புரோகிராமே சொல்லும்."

"நல்லாயிருக்கு! பரீட்சை எழுதினவனே மார்க்கும் போட்டுக்கறான்."

பூட்டோடேதான் காப்பி ஓடியது. ஐந்நூற்று நாற்பதும் வந்து சேர்ந்ததை அவளே எண்ணிக் காட்டினாள். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்ட பெரியவர், கார்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார்.

"மாமா, இன்னும் துடைக்கலையே!"

"படம் பிள்ளைங்க கைக்குப் போகட்டும், அப்புறம் துடைச்சுக்கலாம்" என்றபடி பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டு படியிறங்கினார்.