டிவியில் ஓடிய கலர்

மரக்காணத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு மீனவர் குப்பத்தில், சமுதாயக் கூடத்துக்குள் உட்கார்ந்து செல்வகுமார் காலையிலிருந்து கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவன் திண்டிவனத்தில் ஒரு கல்லூரி வாத்தியார். படகு கவிழ்ந்தால் அதில் இருப்பவர்கள் கையோடு கொண்டுபோகும் பட்டனை அழுத்த வேண்டும். அந்தக் கண நேரச் சிக்னலைக் கூடத்து மாடியில் இருக்கிற ரேடியோ வாங்கிக் கம்ப்யூட்டருக்குத் தரும், மணி அடிக்கும். அவன் செய்து கொடுத்த ஏற்பாடு. போன வாரம் தீனதயாளன் படகு கவிழ்ந்தது. மணி அடிக்கவில்லை. கூடப் போன தென்னரசு மட்டும் கேனைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான். தீனதயாளன் உடம்புகூடக் கிடைக்கவில்லை.

"அவரு அழுத்திக்கினே கெடந்தாரு சார்" என்று தென்னரசு சொன்னதிலிருந்து செல்வகுமாருக்குச் சோறு இறங்கவில்லை.

தென்னரசுவிடம் ஒரு பட்டனைக் கொடுத்துக் கடற்கரையில் நின்று அழுத்தச் சொன்னான். மணி வாயே திறக்கவில்லை. கம்ப்யூட்டரின் ஓரத்தில் மட்டும் ஓ, ஓ, ஓ என்று ஆங்கில எழுத்து வந்து விழுந்தது. ரேடியோ கொட்டுகிற வேகத்துக்குக் கம்ப்யூட்டரால் அள்ள முடியவில்லை, வழிந்தது போனதுதான் என்று அதற்கு அர்த்தம். கல்லூரியில் சோதித்தபோது ஒரு ஓ கூட வந்ததில்லை. சிக்னலைப் பதிவு செய்வதை நிறுத்திப் பார்த்தான், ஒயரை மாற்றினான், அள்ளி வைக்கும் இடத்தைப் பெரிதாக்கினான். கொஞ்ச நேரம் அடங்கியிருந்துவிட்டு மறுபடி ஓ.

கடைசியில்தான் சுவரிலிருந்த டிவி கண்ணில் பட்டது. அதில் சிக்னல்களைக் கலர் கலராக ஓடவிடும் படம். "உள்ள இன்னா நடக்குதுன்னே தெரியலியே சார்" என்று திறப்பு விழாவில் பெண்கள் கேட்டார்களென்று அவனே போட்டுக் கொடுத்தது. அதை வரைவதிலேயே அந்த ஓட்டைக் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு தடவை சோதித்துப் பார்த்தானா? கைதட்டலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான், பெரிய வாத்தியார்!

படத்தை நிறுத்தினான். ஓ நின்றது. தென்னரசுவை அழுத்தச் சொன்னான். குப்பமே அதிர மணி அடித்தது.

சத்தம் கேட்டுத் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள் தீனதயாளன் மனைவி சூர்யகலா. "அவருதானா சார்? எங்க கீறாராம்?"

செல்வகுமார் எழுந்து நின்றான். "இல்லக்கா. சும்மா டெஸ்ட்டு. அந்தக் கலர் படத்தாலதான் அன்னிக்கி சிக்னல் விட்டுப்போச்சு. நான்தான் போட்டேன். தப்பு என்னுதுக்கா."

ஆண்கள் கடலுக்குப் போனால் அவர்கள் திரும்பும்வரை டிவி முன்னால் உட்கார்ந்திருப்பது அந்தப் பெண்களுக்குப் பழக்கமாகியிருந்தது. கலர் ஓடினால் எல்லாரும் நலம் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

சூர்யகலா அணைந்த டிவியையே பார்த்தாள்.

"அன்னிக்கி அந்தப் படம் நின்னுபோச்சு சார். நான்தான் திருப்பிப் போட்டுட்டு குந்திக்கினு இருந்தேன். அது ஓடலன்னா, அவரு அழுத்துனது கேட்டுருக்குமா?"

கேட்டிருக்கும்.

"தெரியலக்கா" என்றான் செல்வகுமார். அவள் நம்பவில்லை.