வண்டி ஸ்டார்ட் ஆவல

காரின் முன்பக்கம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். பூக்காரர் பானெட்டின் மேல் சாமந்திச் சரத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை விநாயக்கின் நண்பர்கள் கண்ணாடியில் மணமக்கள் பெயரை ஒட்டிவிட்டு, எழுத்து கோணலாக இருக்கிறதா இல்லையா என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் ஒருவரும் இல்லை. நளினி பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டப் போகிறவளைப் போல அந்தப் பக்கம் போனாள். கல்யாண வீட்டில் பக்கெட்டோடு நடக்கிற விதவையை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அன்றைக்கு அது அவளுக்கு வசதியாக இருந்தது.

மாரிகுப்பத்தில் கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் நிறுத்துவார்கள், பின்புறத்தை டம்ப் பக்கம் காட்டி. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து பாறையை இடித்து மாவாக்கித் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மலை மலையாகக் கொட்டி வைத்த இடம் அது. ஆடிக் காற்றில் அந்தச் சாம்பல் நிற மண் எழுந்து வந்து சோற்றில் விழும், கொடியில் காயும் துணியில் விழும். கண்ணாடியில் கோடு விழக்கூடாது, இன்ஜினுக்குள் தூசி போகக்கூடாது என்று எல்லாருமே வண்டியின் முதுகைத்தான் காற்றுக்குக் கொடுப்பார்கள். மாப்பிள்ளையின் அப்பா மனோகரின் வெள்ளைக் காரும் அப்படித்தான் நின்றது. நளினி குனிந்து, பக்கெட்டில் ஊறிக்கிடந்த டம்ப் மண்ணை அள்ளிப் புகைக்குழாயின் வாய்க்குள் திணித்தாள். மாவு பிசைந்த கை. மூன்று விரலால் அழுத்தி அழுத்தி உள்ளே தள்ளினாள். முழுக்க அடைக்கவில்லை. அடைத்தால் இங்கேயே, வீட்டு வாசலிலேயே நின்றுவிடும். துடைப்பக் குச்சியால் நடுவில் ஒரு துளை விட்டாள். வண்டி கிளம்ப வேண்டும். மேளத்தோடு ஊர்வலம் போக வேண்டும். பெண் வீட்டார் ஆரத்தித் தட்டோடு நிற்கிற இடத்தில் போய் நிற்க வேண்டும்.

அவளுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுடைய பேச்சைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள். சுரங்கத்துக்குள் கிணறு மாதிரி இறங்குகிற ஒரு ஷாஃப்டில் காற்று உள்ளே இறங்கும், இன்னொரு ஷாஃப்டில் வெளியே ஏறும், ஏறுகிற வழியை அடைத்தால் இறங்குகிற காற்றும் நின்றுபோகும், கீழே விளக்குக்கும் மூச்சில்லை மனிதனுக்கும் மூச்சில்லை என்று அப்பா சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்லுவார். காருக்கு மட்டும் வேறு நியாயமா இருக்கப்போகிறது? இந்த யோசனை வந்த நாளில், வேலைக்குப் போகிற ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் தனியாகச் சிரித்தாள். பக்கத்தில் இருந்த, அதே கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தைக்கிற தோழி என்னடி என்று கேட்டதும் நளினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மனோகர் வேறு யாருமில்லை, அவள் கணவன் ஜெயகரனின் கூடப்பிறந்த அண்ணன். நடுவில் ஒரு இடுப்புயரச் சுவர், இந்தப் பக்கம் அவள் வீடு, அந்தப் பக்கம் அவர் வீடு. இரண்டு வருடத்துக்கு முன், ஒரு வாரமாக விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஆடி மாதத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜெயகரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சட்டை முழுக்க வேர்வை. நளினி சுவரைத் தாண்டிக் குதித்து ஓடினாள். மனோகர் லுங்கியோடு வந்து காரில் ஏறினார். சாவியைத் திருப்பினார். இன்ஜின் இருமியது. இன்னொரு தரம் திருப்பினார். இறங்கினார்.

“ஸ்டார்ட் ஆவல நளினி. நீ ஆட்டோவப் பாரு.”

அவ்வளவுதான் சொன்னார். அந்த மழையில் ஆட்டோ எங்கே கிடைக்கும்? கிடைத்த ஆட்டோவில், ரயில்வே கேட் திறக்கக் காத்துநின்றபோது, அவள் தோளில் சாய்ந்திருந்த தலை கனத்தது. மறுநாள் வெயில் அடித்தது. மனோகர் ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் ஆளுயர ரோஜா மாலை வாங்கி வந்தார். அதே காரில் வந்தார். கார் பூனைக்குட்டி மாதிரி சத்தமில்லாமல் வந்து வாசலில் நின்றது. நளினி மாலையைப் பார்க்கவில்லை, அந்தக் காரையே பார்த்தாள். தம்பி சீட்டில் வாந்தி எடுத்துவிடுவான் என்று பயந்து, ஓடுகிற வண்டியை ஓடவில்லை என்று பொய் சொன்ன மனிதன், தம்பி செத்ததும் மாலை ஏற்றி வருகிறான். அன்று அழுகை வர வேண்டிய இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டது. அதைத்தான் அவள் இத்தனை நாளும் சோறு ஊட்டி வளர்த்தாள்.

அன்றிலிருந்து அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. குற்றமுள்ள நெஞ்சு, எப்படிப் பார்க்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஞாயிறு தவறாமல் அவர் காரைக் கழுவித் துடைத்துப் பளபளவென்று வைப்பதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்ப்பாள். துடை ராசா, நல்லா துடை என்று மனதுக்குள் சொல்லுவாள். நான்கு பேர் நடுவில், அவர் வாயால், அதே வார்த்தையை அவர் சொல்ல வேண்டும். அவளுக்கு அது போதும். வேறு எதுவும் வேண்டாம்.

மாலை வெயிலில் ஊர்வலம் கிளம்பியது. மனோகரே ஓட்டினார். தன் வண்டியை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். சமதரையில் மேளத்துக்குப் பின்னால் மாடு மாதிரி அசைந்து அசைந்து போயிற்று கார். நளினி கூட்டத்தின் கடைசியில், புதுச்சேலை கட்டி, பூ வைக்காத தலையோடு நடந்தாள். சாம்பியன் ரீப்ஸ் மேடு வந்தது. மேட்டின் உச்சியில் மண்டபம், வாசலில் பூதிகோட்டையிலிருந்து வந்த பெண் வீட்டார் வரிசையாக நிற்பது தெரிந்தது. மனோகர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். இன்ஜின் முக்கியது. வண்டி ஏறவில்லை. இன்னும் அழுத்தினார். அழுத்த அழுத்த சத்தம் அடிவயிற்றுக்குள் போயிற்று. பிறகு ஒரு உலுக்கு உலுக்கி நின்றே விட்டது.

மேளக்காரர்கள் கொஞ்சதூரம் போனபிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். மேளம் நின்றது. சாவி திரும்புகிற சத்தம் மட்டும் கேட்டது. கிர்ர்ர். கிர்ர்ர். பெண்ணின் தாய்மாமன் மேட்டிலிருந்து இறங்கி வந்தார்.

“இன்னா சம்பந்தி, இன்னா ஆச்சி?”

மனோகர் கதவைத் திறந்து இறங்கினார். பட்டுச்சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அவர் சம்பந்தியைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்கு மேலாக, கடைசியில் நின்ற நளினியைப் பார்த்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

“ஸ்டார்ட் ஆவல,” என்றார்.

நளினிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வரிசையில் நின்ற ஒரு அம்மாள், “மாப்ள அழைப்புல வண்டி நின்னா நல்லதுக்கா?” என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது எல்லார் காதிலும் விழுந்தது. மனோகரின் மனைவி ஷோபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விநாயக் இறங்கி, மாலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடேறி நடந்தான். நளினி அதையும் பார்த்தாள். பையன் மேல் அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

காரைப் பின்னாலேயே உருட்டி, மேட்டடியில் இருந்த மெக்கானிக் டென்சிலின் ஷெட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சைலன்சர் வேலைக்கு அந்தப் பக்கத்தில் டென்சில்தான். ஞாயிறு என்றும் பாராமல் சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடே வந்து திறந்தார். கொஞ்சநேரத்தில் ஷோபா நளினியிடம் வந்து, “டிக்கில சீர்த்தட்டு கீது நளினி, ஒரு ஓட்டம் போய் எடுத்துனு வாயேன்,” என்றாள். நளினி மறுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்றுதான் போனாள்.

அவள் போனபோது சைலன்சரைக் கழற்றிக் கீழே போட்டு, மிஷினால் நடுவில் அறுத்துக்கொண்டிருந்தார் டென்சில். மனோகர் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தார். பொறி பறந்து ஓய்ந்ததும் சைலன்சர் இரண்டாகப் பிரிந்தது. உள்ளே குடத்தின் அடியில் அரிசி கெட்டிப்பட்டது போல, சாம்பல் நிறத்தில் ஒரு பாளம். டென்சில் சுத்தியலால் தட்டினார். உடையவில்லை. நளினியின் கை டிக்கி மேலேயே நின்றுவிட்டது. அவள் வைத்த மண் குழாயின் வாயில் அல்லவா இருக்க வேண்டும்? இது உள்ளே, எட்டாத இடத்தில் இருந்தது.

“இன்னா மேன் இது, செங்கல் சூளையா?” என்றார் டென்சில். “நீங்க எல்லாம் வண்டிய டம்ப் பக்கம் பேக் காட்டி நிறுத்துறீங்க இல்ல? காத்துல அந்த மண்ணு பைப் வழியா உள்ள போவுது. வருஷக்கணக்கா போய்க் கீது. வண்டிக்கு பேக் பிரஷர். உள்ள எரிஞ்ச புகை வெளிய போனாத்தான் புதுசா காத்தும் பெட்ரோலும் உள்ள வரும். வெளிய போவலனா, அந்தப் புகையவே திரும்பத் திரும்ப முழுங்கிக்கினு மூச்சு முட்டி நின்னுடும்.”

மனோகர் எழுந்து வந்தார். “டென்சில், இது மழைக்கு…?”

“மழை பெஞ்சா இன்னும் மோசம். தண்ணி ஏறி ஊறுச்சினா சுத்தமா அடைச்சிக்கும், நீ தலகீழ நின்னாலும் ஸ்டார்ட் ஆவாது. அப்புறம் வெயில்ல காஞ்சி சுருங்கி வழி விட்டுடும். ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும்.”

டென்சில் குழாயின் வாய்ப்பக்கம் இருந்த துண்டை எடுத்துத் தரையில் தட்டினார். இன்னொரு கட்டி விழுந்தது. சூட்டில் வெளிப்பக்கம் வெந்து, உட்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நடுவில் ஒரு துளை. மேலே மூன்று பள்ளம். பிறகு நிமிர்ந்து நளினியைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார்.

“இது புதுசு,” என்றார் மெதுவாக. “இது மட்டும் இருந்திருந்தா இன்ஜின் ஒரே மூச்சில பீச்சி அடிச்சிருக்கும். உள்ள பழசு தடுத்து வெச்சதாலதான் நின்னுச்சி.”

மனோகர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அவர் பழைய பாளத்தைத்தான் இரண்டு கையாலும் தூக்கி மார்போடு வைத்திருந்தார். பட்டுச்சட்டை பாழாகிக்கொண்டிருந்தது. நளினியின் பக்கம் வந்து, குழந்தையைக் காட்டுவது போல அதைக் காட்டினார்.

“நான் சொன்னன் இல்ல நளினி. ஸ்டார்ட் ஆவலன்னு சொன்னன் இல்ல.” பாளத்தை இன்னும் உயரத் தூக்கினார். “மறுநாள் அதுவே ஓடுச்சே, நான் யார்கிட்ட போய் இன்னான்னு சொல்லுவேன்? எனக்கே நம்பிக்கை இல்ல. சாவிய இன்னொரு வாட்டி திருப்பி இருக்கலாமோ, இன்னொரு வாட்டி திருப்பி இருக்கலாமோன்னு… இப்ப பாரு. நீயே பாரு.”

நளினி பார்த்தாள். அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் முன்னைவிடப் பெரிதாக. இத்தனை நாள் அவள் பொத்திப் பொத்தி வளர்த்ததை இந்த மனிதர் ஒரு மண்கட்டியைக் காட்டிப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறார். அந்தக் கட்டியை வெளியே எடுத்துக் கொடுத்ததே அவள்தான். அவள் கை வைக்காமலிருந்தால் சைலன்சரை யார் அறுத்திருக்கப் போகிறார்கள்? அவமானப்படுத்த இழுத்து வந்தவனுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டாள். நிரபராதியாம். அப்படியென்றால் அவள் யாரை வெறுப்பது? மழையையா? அந்தப் பாழாய்ப்போன மண்மேட்டையா? இரண்டு தரம்தானே திருப்பினீர்கள், நூறு தரம் திருப்பவில்லையே, தெருவில் இறங்கி ஆட்டோவுக்கு நீங்கள் ஓடவில்லையே, என்னைத்தானே ஓடச் சொன்னீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்டால் அவர் அழுவார். அதற்குப் பிறகு அவளும் அழ வேண்டியிருக்கும்.

“ஷோபாக்கா தட்டு கேட்டாங்க,” என்றாள். டிக்கியைத் திறந்து சீர்த்தட்டை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மேடேறினாள்.

கல்யாணக் கூட்டமெல்லாம் கலைந்து போன பிறகு, ஒரு காலையில் நளினி சாப்பாட்டுப் பையோடு ரயிலுக்குக் கிளம்பினாள். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த சுவரின் மேல் அந்த இரண்டு கட்டிகளும் இருந்தன. பழைய பாளம் மனோகரின் வீட்டைப் பார்த்து. புதியது அவள் வாசலைப் பார்த்து. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை; டென்சில் சொன்னதை அன்றைக்கு மனோகர் காதில் வாங்கித்தான் இருந்திருக்கிறார். வெயிலில் காய்ந்து புதியது கல்லாகிவிட்டிருந்தது. மூன்று பள்ளமும் தெளிவாகத் தெரிந்தன. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் விரல்களை அதில் வைத்தாள். அச்சுப் பிசகாமல் உட்கார்ந்தன.

சுவருக்கு அந்தப் பக்கம் கார் கிளம்பியது. ஒரே திருப்பு. டென்சில் சொன்னபடி இப்போது அது மூக்கை டம்ப் பக்கம் வைத்து நின்றது, கண்ணாடி முழுக்கச் சாம்பல் தூசி. இனி யார் அதைத் துடைப்பது என்று கவலைப்படுகிறவராக மனோகர் இல்லை. முன்கதவு ஒன்று உள்ளிருந்து திறந்தது.

“மழை வரும்போல கீது நளினி. வா, ஸ்டேஷன்ல விட்டுர்றேன்.”

புதிய கட்டி அவள் கைக்கு வந்திருந்தது. அதைத் தூக்கியது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை. கார் நகராமல், கதவைத் திறந்து வைத்தபடி உறுமிக்கொண்டிருந்தது. அதன் பின்புறம் இப்போது அவள் வாசலுக்கு நேராக இருந்தது. புதுக்குழாயின் பளபளத்த வாயிலிருந்து வெந்த காற்று வந்து அவள் சேலைக் கரையை அசைத்துக்கொண்டே இருந்தது.