கறுப்புக் காளையில் அவர் இல்லை

...இங்கே இருக்கமாட்டார், அது தெரியும், நெசவாளர் பப்புக்குள் அப்பா கால் வைத்ததே கிடையாது, ஆனாலும் எட்டிப் பார்த்துவிட்டால் மனசு ஆறும், மூன்று வாரமாக மனிதர் எங்கேதான் போகிறார்... கிர்ஸ்டி மழைக்கோட்டின் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள், திறந்ததும் ஈர நாய் வாடை, சுவரெல்லாம் சாம்பல் வண்ணம், கரும்பலகையில் பதினேழு வகை ஜின். தாத்தாவோடு தறியோட்டியவர்கள் ஆலைச் சங்கு ஊதியதும் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உட்கார்ந்த இடம் இது, இப்போது லீட்ஸ் நகரத்திலிருந்து வந்து வீடு வாங்கியவர்கள் நாயை மடியில் வைத்துக்கொண்டு ஆலிவ் தின்கிறார்கள், "இந்தப் பப்பில் நாய்க்குத் தண்ணீர்க் கிண்ணம் உண்டு, நெசவாளிக்குத்தான் இடமில்லை" என்று ஊர் இணையப் பக்கத்தில் வேறு பெயரில் அவள் எழுதியது ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அப்பா இல்லை. இருக்கவும் மாட்டார். ஒருவனுக்கு ஒருத்தியோ இல்லையோ, ஒருவனுக்கு ஒரு பப், அது இந்த ஹாட்டர்ஷா ஊரின் சட்டம். கல்யாணத்தை முறித்துக்கொண்டவர்கள் தெருவுக்கு நாலுபேர் இருக்கிறார்கள், அம்மாவே கம்பளக் கடைக்காரரோடு கடற்கரைப் பக்கம் போய்ப் பதினோரு வருடமாகிறது, ஊர் அதை ஒரு மாதம் பேசிவிட்டு மறந்தது, ஆனால் ஒரு ஆள் பப்பை மாற்றினான் என்றால் பத்து வருடத்துக்குச் சொல்லிக்காட்டுவார்கள். கறுப்புக் காளைதான் அப்பாவின் பப், முப்பத்தொரு வருடம். ஞாயிறு பன்னிரண்டுக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது தலைமுடியை நனைத்து வாரிக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார், இரண்டு மணிக்குத் திரும்புவார், போன வாரமும் போனார், இன்றும் போனார். அவர் போய்க் கால் மணியில், காளையை நடத்துகிற மோரீன் இவளுக்குப் போன் பண்ணி, அப்பாவை மூன்று வாரமாகக் காணோமே, எங்கே என்று கேட்கிறாள்.

கேட்டதும் நம்பாமல், முதலில் வீட்டுச் செருப்போடு காளைக்கு ஓடியதுதான் மடத்தனம், கால்விரலெல்லாம் விறைத்துவிட்டது. ஜன்னலோர ஸ்டூல் காலி. கூட்டம் நெருக்கியடித்தது, இறைச்சியைப் பரிசாகத் தரும் ஞாயிறு குலுக்கலுக்குச் சீட்டு வாங்கியவர்கள் தோளோடு தோள் நின்றார்கள், அந்த ஒரு ஸ்டூலில் மட்டும் யாரும் உட்காரவில்லை, செத்துப்போனவர் இடம்போலச் சுற்றி ஒரு முழம் விட்டு நின்றார்கள். அவளைக் கண்டதும் அப்பாவின் கூட்டாளி ரோனி கையைத் தூக்கினார், "வாங்க வாங்க, புரொபசரம்மா! இந்த ஏழைங்க கடைப் பக்கமெல்லாம் வழி தெரியுதா?" அவள் பட்டம் வாங்கிய நாளிலிருந்து அதே புரொபசரம்மா, குடும்பத்தில் மூன்று தலைமுறையில் முதல் பட்டம், அதைக் கொண்டுபோய் என்ன கிழித்தாள், தண்ணீர்க் கம்பெனியின் புகார்த் தொலைபேசியில் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று நாளைக்கு எண்பது தடவை வருந்துகிறாள், ஆனால் ரோனி வாயிலிருந்து அந்தச் சொல் வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள். அம்பெறிகிற பலகைக்குப் பக்கத்தில் அந்தத் தாள், மோரீன் அச்செடுத்துக் குத்திவைத்திருந்தாள், "எங்கள் ஊர் பப்புகள், உள்ளது உள்ளபடி", எழுதியவர் பெயர் "தாகமுள்ள மனிதன்". ரோனி அவளைத் தோளைப் பிடித்து அதன் முன்னால் நிறுத்தினார். "படிச்சியா இதை? 'சொல்லி முடிக்கிறதுக்கு முன்னாடியே தானே சிரிச்சிடற பன்னி மூஞ்சிக்காரர்'னு போட்டிருக்கான் பாரு, நான்தான் அது! ஆர்தர் என்னடான்னா தன்னைத்தான் சொல்லியிருக்குன்னு சண்டைக்கு வர்றான். டேய், உன்னுது குதிரை மூஞ்சிடா, ஊருக்கே தெரியும்!" உண்மையாகவே அந்த வரிக்குப் பக்கத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒவ்வொரு வசவுக்குப் பக்கத்திலும் ஒரு கையெழுத்து. சுருக்கென்று தைக்கும் என்று நினைத்து எழுதினால் மாலைபோல வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள், இவர்களை என்னதான் செய்வது... ஜன்னலோர ஸ்டூல்காரரைப் பற்றிய வரியின் பக்கத்தில் மட்டும் கையெழுத்தில்லை.

"அப்பாவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா கண்ணு?" மோரீன் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். நல்லாத்தான் இருக்கார் என்றாள் இவள், வேறென்ன சொல்ல. "எல்லாம் என்னாலதான். நான்தான் அன்னைக்குச் சத்தமா வாசிச்சேன், ஒவ்வொருத்தனுக்கும் விழுந்து விழுந்து சிரிச்சானுங்க, உங்கப்பாவுந்தான் சிரிச்சாரு, அந்த வேகத்துல அவரு இடமும் வந்துடுச்சு, நிறுத்தத் தெரியல, வாசிச்சிட்டேன். ஒரு பய சிரிக்கலம்மா. ஊசி விழுந்தா கேக்கும். இந்தப் பெரிய மனுசன் எந்திரிச்சுப் போயி, அவரு தோள்ல கை வச்சு, ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்குச் சாப்பிட வாயேன் நெவில்னு சொல்றான்." ரோனி தரையைப் பார்த்தார், "நல்ல மனசோடதானே கூப்பிட்டேன்." "உன் நல்ல மனசைக் கொண்டு அடுப்புல வையி. நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தா அந்த மனுசன் உக்காந்திருப்பாரு. கோட்டை மாட்டிக்கிட்டுப் போனவருதான்."

நெசவாளர் பப்பிலிருந்து இறங்குமுகமான தெரு, தண்ணீர் ஓரத்தில் வழிகிறது, அடுத்து ரயில்வே பப், அங்கேயும் இருக்கமாட்டார்... எதற்காக அவரைச் சேர்த்தாள்? எதற்காகவா, மூளை வேலை செய்ததால் சேர்த்தாள்! காளையில் இருக்கிற ஒவ்வொருவரையும் தோலுரித்துவிட்டு ஜன்னலோரத்து ஆளை மட்டும் விட்டால், யாருடைய மகள் இதை எழுதினாள் என்று சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடாதா, ஆகவே போட்டாள், தன்னை மறைத்துக்கொள்ள அப்பாவைப் போட்டாள். அது ஒன்றுதான் காரணமா. அந்த வரி நன்றாக வந்தது, அதுவும்தான். மொத்தக் கட்டுரையிலும் நல்ல வரி அது, மூன்று முறை திருத்தினாள், "ஜன்னலோர ஸ்டூலில் ஒருவர், வீட்டில் யாரோ சோற்றை மூடிவைத்துக் காத்திருப்பதுபோல் கால் மணிக்கொருதரம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், வீட்டில் யாருமில்லை, இரண்டு மணிக்குப் போய்க் கதவைத் திறந்து, வந்துட்டேன் என்று வெறும் கூடத்துக்குச் சொல்வார்." ஊரில் இருநூறு பேர் பாராட்டியிருந்தார்கள், எவனோ ஒருவன் கண்ணில் நீர் வந்தது என்று எழுதியிருந்தான், கல்லூரியில் மூன்று வருடம் எழுதிய எதற்கும் அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அங்கே கூடப் படித்த பெண்கள் இவள் பேசுகிற விதத்தைத் திரும்பச் சொல்லிப் பார்த்துச் சிரிப்பார்கள், இங்கே வந்தால் புரொபசரம்மா, அங்கேயும் இல்லை இங்கேயும் இல்லை, அந்த ஒரு வாரம்தான் ஊரே அவளோடு பேசியதுபோல இருந்தது, ஆனால் நான்தான் அது என்று சொல்ல ஒரு ஆள்... ஒரே ஒரு ஆள் இல்லை.

ரயில்வே பப்பில் தொலைக்காட்சி அலறியது, எல்லாப் பயல்களும் ஒரே மாதிரி முடி வெட்டி, ஒரே மாதிரி சட்டை போட்டு, பந்து எந்தப் பக்கம் போனாலும் நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், இங்கே அடிதடி நடக்காத நாள் தேவாலயத்தில் மணியடிக்கலாம் என்று எழுதியிருந்தாள், ரயில் நிலையத்தை மூடி முப்பது வருடமான பின்னும் பெயரை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. "யாரைத் தேடுற?" என்றான் வாசலில் சிகரெட்டோடு நின்றவன், "எங்கப்பாவை" என்றாள், "என்னை வேணா வச்சுக்க" என்றான், போடா என்று திரும்பி நடந்தாள். நாலு அடி நடந்தபிறகுதான் அது நெஞ்சில் இறங்கியது... வந்துட்டேன். வந்துட்டேன் என்று அவர் சொல்வது காளையில் நிற்கிற எவனுக்குத் தெரியும்? கதவைச் சாத்திக்கொண்டு, கூடத்தில் நின்று, கோட்டைக் கழற்றிக்கொண்டே சொல்வது அது. தெருவில்கூடக் கேட்காது. வீட்டுக்குள் இருந்தால்தான் கேட்கும். தாகமுள்ள மனிதனாம், மகா சாமர்த்தியம், மூன்று முறை திருத்தினாயே, மூளை எங்கே போயிற்று... அப்படியென்றால் மோரீன் வாசித்த அந்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு மூன்று வாரமாக அவளோடு வீட்டிலிருக்கிறார், காலையில் தேநீர் போட்டுக் கொடுத்து, மழை வரும், குடை எடுத்துக்கோ என்கிறார். தெரியாமலும் இருக்கலாம். தெரியாமல் இருக்குமா?

மிச்சம் இருந்தது ஒன்றுதான், பழைய மெத்தடிஸ்ட் சபைக் கட்டடத்தில் வெளியூர்க் கம்பெனி திறந்த அந்தப் பெரிய பப், அதைப் பற்றி அவள் ஒரே வரிதான் எழுதியிருந்தாள், "இங்கே வாடிக்கைக்காரர்கள் என்று யாரும் இல்லை, மேசை எண்கள் இருக்கின்றன." நுழைந்ததும் தெரிந்தது, நாற்பத்திரண்டாம் மேசை, நாலுபேர் உட்காரும் மேசை, நடுக்கூடத்தில், கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்பா. முன்னால் கறுப்பு பீர் அரைக் கிளாஸ் இருந்தது. பின்மேசையில் யாருக்கோ பிறந்தநாள், ஒரு பலூன் அவர் தோளில் இடித்துக்கொண்டேயிருந்தது, அவர் ஒவ்வொரு தடவையும் மரியாதையாக நகர்ந்துகொண்டிருந்தார். இத்தனை வயதுக்கு அவள் அப்பாவோடு பப்பில் உட்கார்ந்ததே இல்லை, தெருவில் போகிறபோது ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, சின்ன வயதில் அம்மா அனுப்பி வாசலில் நின்று "அப்பா, சாப்பாடு" என்று கத்திவிட்டு ஓடியிருக்கிறாள், அவ்வளவுதான், அந்த வாசல்படி அறிவை வைத்துக்கொண்டு ஊரையே எழுதியாயிற்று.

"அடடே," என்றார். "மோரீன் போன் பண்ணினாளா?"

"ம்."

"அவ வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கமாட்டா. உக்காரு, நனைஞ்சிட்டியே. செருப்பிலயா வந்தே? படிச்ச பொண்ணுதானே நீ?"

உட்கார்ந்தாள். ஏன் காளைக்குப் போகவில்லை என்று கேட்க வாயெடுத்தாள், குரல் கோபமாகத்தான் வந்தது, அவளுக்கு வேறு எப்படியும் வராது. அவர் கிளாஸை அரைச்சுற்றுச் சுற்றினார். "எல்லாம் நல்லவனுங்களா ஆயிட்டானுங்கம்மா. ரோனி என்னை நெவில்னு கூப்பிட்டான். முப்பத்தொரு வருஷமா துருப்பிடிச்ச பிரேக்குன்னுதான் கூப்பிடுவான், டிப்போவுல நான் பிரேக் பாக்குறவன்ல, அதனால... நெவில்னு கூப்பிட்டுத் தோள்ல கை வக்கிறான். எனக்கு என்னமோ சாவு வீட்ல உக்காந்த மாதிரி இருந்துச்சு. செத்தவனும் நானே." சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "அந்த எழுதினவன் இருக்கானே, கெட்டிக்காரன். ரோனியைப் பத்தி எழுதினது, மோரீன் சுடுற பணியாரத்தை வச்சுக் கல்லறை கட்டலாம்னு எழுதினது, எல்லாம் உள்ளதுதான், வயிறு வலிக்கச் சிரிச்சேன். ஒரு இடம்தான் தப்பு."

எது என்றாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"வீட்ல யாருமில்லைன்னு போட்டுட்டான். நீ இருக்கியேம்மா, மாடியில." கிளாஸைக் காலி செய்துவிட்டு எழுந்தார். "என்ன குடிப்பே நீ? எனக்குத் தெரியவே தெரியாது பாரு." உங்களுக்கு வாங்குவதையே என்றாள்.

நீ இருக்கியே. மாடியில் இருந்தாள், ஆமாம், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஆனால் கேட்டதே, கேட்டதால்தானே எழுதினாள்... வெறும் கூடத்துக்கு என்று எழுதினாளே, அது மாடிப்படிக்குக் கீழே இருக்கிற கூடமில்லையா, குரல் மேலே வருகிற கூடமில்லையா. மூன்று முறை திருத்தியும் அந்த வீட்டில் தான் இருப்பது அவளுக்கு ஒரு முறைகூடத் தோன்றவில்லை. அவன், அவன் என்றாரே, தெரியாமல் சொன்னதா, தெரிந்துகொண்டு அவளுக்கு ஒரு மறைப்புக் கொடுத்ததா? அதைக் கேட்கவே முடியாது, கேட்டால் எழுதியது தான்தான் என்று சொல்லியதாகிவிடும்... கவுண்டரில் அப்பா நின்றார். நிற்கத் தெரியாமல் நின்றார். காளையில் அவர் கதவைத் திறக்கும்போதே மோரீன் கிளாஸை எடுத்துவிடுவாள், வாயைத் திறந்து கேட்டு வாங்கிப் பழக்கமே இல்லை, இங்கே கவுண்டரில் நின்ற பெண் அவருக்கு இடப்பக்கம் நின்றவனைக் கவனித்தாள், பிறகு வலப்பக்கம், பிறகு பிறந்தநாள் கும்பலிலிருந்து வந்தவள், ஒவ்வொருத்தருக்கும் அப்பா அரையடி ஒதுங்கி வழிவிட்டார், விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்து, இதோ வந்துவிடும் என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார்.

எழுந்துபோய்ப் பக்கத்தில் நிற்கலாம். நின்று தோளில் கை வைத்தால்... கூடாது, அது ரோனி செய்தது, அது சாவு வீட்டுக் கை. ஏதாவது கேலியாகச் சொல்லவேண்டும், இங்கிருந்தே, கூடம் முழுக்கக் கேட்கும்படி ஒரு வசவு, அவர் திரும்பி, அடி கழுதை என்று பதிலுக்குச் சிரிக்கிறமாதிரி ஒன்று. ஊரில் ஒரு பப் விடாமல் திட்டி எழுதியவளுக்கு அதுவா பஞ்சம்? யோசித்தாள். கால் பெருவிரலைச் செருப்புக்குள் மடக்கிக்கொண்டு, வாயைப் பாதி திறந்தபடி யோசித்தாள், நாலாவது ஆளும் அவரைத் தாண்டிப் போனான், அப்பாவை என்னவென்று கேலி செய்வது, அவரைப் பற்றி அவளுக்கு அந்த அளவுக்கு என்ன தெரியும்...