முதல் மனைவியின் தலையணை

விடிந்து எழுந்தபோது படுக்கை விரிப்பில் ரத்தம். இப்பொலிதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்து நாளைக்கு முன்புதான் ரொக்கால்தா நகரத்துத் தேவாலயங்களெல்லாம் மணியடித்து, கோமகன் அஸ்தோர்ரேயின் இரண்டாவது மனைவியான அவள் கருவுற்றிருப்பதை ஊருக்குச் சொல்லியிருந்தன.

விரிப்பை எடுக்க வந்த சலவைக்காரி நென்சியாவுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. அரண்மனையில் யார் வயிற்றில் என்ன என்பது மருத்துவருக்கு முன்பே அவளுக்குத்தான் தெரியும். அயல்நாட்டுத் தூதர்கள் அவளைக் கண்டால் குழைவதும் அதனால்தான்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"வலி கிடக்கட்டும். யார்கிட்டயும் சொல்லிடாதே நென்சியா."

"நான் ஏம்மா சொல்றேன்? ஆனா மூத்தவங்களும் இப்படித்தான் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க."

மூத்தவள் தாதேயா, கோமகனின் முதல் மனைவி. அவள் சாவைப் பற்றி ஆளுக்கொரு கதை. விஷம் என்பார்கள், கன்னியர் மடத்துக் குளிர் என்பார்கள். ஆனால் ஒன்றில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு: வயிற்றில் தலையணை கட்டிக் கணவனை ஏமாற்றியவள், பிடிபட்டதும் கன்னியர் மடத்துக்கு விரட்டப்பட்டவள்.

"அந்தத் தலையணைக் கதை நிஜமா?"

"நாடா தைச்சதே நான்தானே! மாசாமாசம் பஞ்சு சேத்து அடைச்சோம். அஞ்சாம் மாசம் மாட்டிக்கிட்டாங்க, பாவம்."

பொய்யை ஒருநாள்கூட வளரவிடக் கூடாது. இப்பொலிதா உடை மாற்றிக்கொண்டு நேராகக் கணவனின் அறைக்குப் போனாள்.

அவள் சொல்லி முடித்ததும் அஸ்தோர்ரே அவளை உட்காரவைத்தார். தானே திராட்சை ரசம் ஊற்றிக் கொடுத்தார். கண்கூடக் கலங்கியிருந்தது. அவளுக்கு நெஞ்சு லேசானது.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார்.

"நென்சியாவுக்கு மட்டும்."

"நல்லதாப் போச்சு. என் தம்பி காதுல விழுந்தா, அடுத்த கோமகன் நான்தான்னு இன்னிக்கே ஆள் சேக்க ஆரம்பிச்சுடுவான். கொஞ்ச நாள் இப்படியே இரு. அப்புறம் ஒரு சின்னத் தலையணை வச்சுக்கிட்டாப் போதும். கோமகளை யார் தொட்டுப் பாக்கப்போறாங்க?"

புதிதாக யோசித்துச் சொன்னதுபோல் இல்லை.

"தாதேயாகிட்டயும் இதைத்தான் சொன்னீங்களா?"

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். "அவளுக்குச் சாமர்த்தியம் போதல."

"மாட்டினதும் அவங்க, ஏமாத்துக்காரின்னு பேர் வாங்கினதும் அவங்க. நீங்க?"

வெளிக்கூடத்தில் பேராயரும் கோமகனின் தம்பியும் இரண்டு தூதர்களும் காலைச் சந்திப்புக்குக் காத்திருக்கும் பேச்சுக்குரல் கேட்டது. இப்பொலிதா எழுந்தாள்.

"எங்க போற? இப்பொலிதா, நில்லு!"

அவள் கதவைத் திறந்தாள். கூடம் எழுந்து வணங்கியது.

"எங்க குழந்தை நிலைக்கல," என்றாள். அவள் குரல் கூடத்தின் கடைசிவரை கேட்டது. "எங்களுக்காக வேண்டிக்கோங்க."

பேராயர் சிலுவை போட்டுக்கொண்டார். கோமகனின் தம்பி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான்; சிரிப்பை மறைக்கவோ என்னவோ.

அஸ்தோர்ரே பின்னால் வந்து நின்று அவள் தோளில் கை வைத்தார். பார்த்தவர்களுக்கு அது ஆறுதல். விரல்கள் எவ்வளவு அழுந்தின என்பது அவளுக்குத்தான் தெரியும். அவள் அசையாமல் நின்றாள்.